தொண்டைக்கதிர் நேரத்தில் ஒரு ஸ்பிரிங்

2012-ஆம் வருஷத்துச் சம்பாவைப் பற்றி எங்கள் ஊரில் பேச்சு எடுத்தால் அது டீசல் கணக்கில்தான் போய் நிற்கும். அந்த வருஷம் ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கவில்லை. ஆற்றை நம்பி யாரும் குறுவை போடவில்லை. போர் வைத்திருந்தவர்கள் மட்டும் கொஞ்சம் போட்டார்கள். செப்டம்பர் 17-இல் சம்பாவுக்காக அணையைத் திறந்தார்கள். அதற்கு முந்தின வாரம்தான் டீசல் ஒரே மூச்சில் லிட்டருக்கு 5 ரூபாய் ஏறி, ஐம்பது ரூபாயை ஒட்டி நின்றது. காவிரி நதிநீர் ஆணையம் கூடி, கர்நாடகம் விநாடிக்கு 9,000 கனஅடி விட வேண்டும் என்றது. குடமுருட்டியில் தண்ணீர் வந்தது, நின்றது, மறுபடி கொஞ்சம் வந்தது. வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. மார்கழி பிறந்தபோது பயிர் தொண்டைக்கதிரில் நின்றது. வாய்க்காலில் தண்ணீர் இல்லை.

நெல் சில பருவங்களில் காய்ச்சலைத் தாங்கும். தூர் கட்டும்போது வயல் லேசாக வெடித்தால்கூட, தண்ணீர் கட்டியதும் எழுந்துகொள்ளும். தொண்டைக்கதிர் அப்படி விடாது. கதிர் உறைக்குள் இருந்து வெளியே வரத் தவிக்கிற நேரம் அது. அப்போது வயல் வறண்டால் கதிர் பாதியில் சிக்கிக்கொள்ளும், வெளியே வந்ததும் பதராகப் போகும். அதுவரை போட்ட உரம், நட்ட கூலி, எடுத்த களை எல்லாம் அந்தப் பத்துப் பதினைந்து நாளில்தான் தீர்மானமாகும்.

எங்கள் நிலம் பாபநாசம் தாலுகாவில் இருக்கிறது. அப்பா தவறிய பிறகு விவசாயம் முழுக்க அம்மாவின் கையில். நான் தஞ்சாவூரில் வேலை, சனி ஞாயிறு ஊர். நிலத்தில் ஒரு ஃபில்டர் பாயிண்ட் உண்டு. எங்கள் பக்கத்து மண்ணுக்கு அது ஒரு வரம். ஆறுகள் ஆயிரக்கணக்கான வருஷமாகக் கொண்டுவந்து கொட்டிய மணல், கொஞ்சம் கீழேயே நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. பாறையைத் துளைக்கிற வேலை கிடையாது. ஆட்களை வைத்துக் கையாலேயே குழாயை இறக்கி, அடியில் சல்லடைக் குழாயைப் பொருத்தி, மேலே பம்பை மாட்டிவிடலாம். எழுபதுகளில் பழைய டெல்டா முழுக்க இது பரவியது. ஒரே ஒரு நிபந்தனை: மேலே உட்கார்ந்திருக்கும் பம்பு உறிஞ்சித்தான் எடுக்கும். நீர்மட்டம் இருபத்தைந்து அடிக்குக் கீழே போனால் அதனால் இழுக்க முடியாது. அந்த வருஷம் எங்கள் பம்பைக் குழி வெட்டி நாலடி கீழே இறக்கியிருந்தோம்.

ஃபில்டர் பாயிண்ட்டோடு கூடவே வந்தது ஆயில் இன்ஜின். எங்களுடையது லிஸ்டர் டைப். ஒற்றை சிலிண்டர், நெட்டுக்குத்தாக நிற்கும், இரண்டு பக்கமும் ஆளின் இடுப்பை எட்டுகிற ஃப்ளைவீல், நிமிஷத்துக்கு 650 சுற்று. இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் லிஸ்டர் கம்பெனி 1929-இல் கொண்டுவந்த அமைப்பு. அங்கே 1987-இல் செய்வதை நிறுத்திவிட்டார்கள். குஜராத்தின் ராஜ்கோட்டில் அதே அமைப்பைத் தொடர்ந்து செய்தார்கள், நம்முடைய வயல்களுக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் அதுதான். கனமான இன்ஜின், மெதுவாக ஓடும், எல்லா உறுப்பும் கண்ணுக்குத் தெரியும். புஷ் ராடு வெளியே ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். ஹெட்டின் மேலே ராக்கர் ஆர்ம் இரண்டும் மாறி மாறித் தலையாட்டும். அவற்றுக்கு எண்ணெய் தானாக வராது. ஆயில் கேனை எடுத்து மனிதன்தான் சொட்டு விட வேண்டும்.

1990-இல் விவசாயிகள் எல்லோருக்கும் மின்சாரம் இலவசமானது. எங்களுக்குக் கனெக்‌ஷன் கிடைக்கப் பல வருஷம் ஆயிற்று. கிடைத்ததும் மோட்டார் வந்தது. இன்ஜின் மாட்டுக்கொட்டகை மூலைக்குப் போய்ச் சாக்கைப் போர்த்திக்கொண்டது. பிறகு 2012 வந்தது. மின்வெட்டு அந்த வருஷம் எப்படி இருந்தது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மும்முனை மின்சாரம் எப்போது வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று தெரியாமல் மோட்டாரை நம்பி வயலை விட முடியாது. கொட்டகைகளிலிருந்து இன்ஜின்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ராத்திரியில் படுத்தால் நாலா பக்கமும் அந்தச் சத்தம்தான். சத்தத்தை வைத்தே எது யாருடைய இன்ஜின் என்று அம்மா சொல்வாள்.

அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். சனிக்கிழமை காலையில் நான் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்ததும், "இன்ஜின் இருமுதுப்பா. புகையும் வேற மாதிரி வருது. பெரியப்பாவைக் கூட்டிட்டு வா" என்றாள். தண்ணீர் விழுவதும் குறைந்திருந்தது. நெற்றிக் குழாயின் வாய் நிறைய விழுகிற தண்ணீர் முக்கால் வாயாகிவிட்டது என்று முந்தின நாளே கவனித்திருக்கிறாள். இன்ஜினை உடனே நிறுத்தியும்விட்டாள். அந்த ஒரு செயல்தான் பிறகு எல்லாவற்றையும் காப்பாற்றியது.

பெரியப்பாவுக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது. அந்த இன்ஜின் வாங்கிய காலத்திலிருந்து அதை ஓட்டியவர். வந்தவர் ஸ்டார்ட் பண்ணச் சொல்லவில்லை. ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொன்னார். கம்ப்ரஷன் நன்றாக இருந்தால், மேலே ஏறுகிற இடத்தில் ஃப்ளைவீல் நம்மைத் திருப்பித் தள்ளும். அன்றைக்கு அது தள்ளவில்லை. எங்கேயோ உஸ்ஸென்று காற்று போனது. பெரியப்பா புகைக்குழாய்ப் பக்கம் காதைக் கொண்டுபோனார். "எக்ஸாஸ்ட்டு தம்பி" என்றார். டார்ச்சை வாங்கி அந்த வால்வின் ஸ்பிரிங் மேல் அடித்தார். கீழேயிருந்து இரண்டாவது சுற்றில் கம்பி உடைந்து, உடைந்த முனை மரை மாதிரி மற்றச் சுற்றுக்குள் ஏறிப்போயிருந்தது. அப்படி ஏறிக்கொண்டதால்தான் வால்வு கீழே விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டியிருந்தால் வால்வு இறங்கிப் பிஸ்டன் தலையில் அடித்திருக்கும். அதோடு அந்தச் சம்பா முடிந்திருக்கும்.

வால்வு ஸ்பிரிங் என்ன வேலை செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் மேல் மரியாதை வரும். 650 சுற்று ஓடுகிற இன்ஜினில் ஒவ்வொரு வால்வும் நிமிஷத்துக்கு 325 தடவை திறந்து மூடும். மணிக்கு 19,500. காலையிலிருந்து மாலை வரை பத்து மணி நேரம் தண்ணீர் இறைத்தால் ஏறத்தாழ இரண்டு லட்சம் தடவை. திறப்பது ராக்கர், மூடுவது ஸ்பிரிங். நல்ல ஸ்பிரிங் இதைப் பல வருஷம் செய்யும். ஆனால் கம்பியின் மேல் ஒரு துருப்புள்ளி விழுந்து குழியானால், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அந்தக் குழியிலிருந்து விரிசல் நூலிழை நூலிழையாக உள்ளே போகும். கழற்றிய பிறகு அதைக் கண்ணாலேயே பார்த்தேன். உடைந்த முகத்தில் பாதி கறுத்துப் பழுப்பேறியிருந்தது, மீதிப் பாதி புது வெள்ளியாக மின்னியது. கறுத்தது பழைய விரிசல், மின்னியது நேற்று ஒடிந்தது. கொட்டகை மூலையில் மாட்டு மூத்திர ஈரத்திலும் ஐப்பசி மழை ஈரத்திலும் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்ற வருஷங்கள் அந்தக் கறுப்பில் இருந்தன. ஓடுகிற இன்ஜினைவிட நிற்கிற இன்ஜின்தான் சீக்கிரம் கெடும் என்று பெரியப்பா சொல்வது இதைத்தான்.

ராக்கரும் தேய்ந்திருந்தது. வால்வுத் தலையை அழுத்துகிற மூக்கில் விரல்நகம் நிற்கிற அளவுக்குப் பள்ளம். ஷாஃப்டில் ஆட்டிப் பார்த்தால் புஷ் லொடலொடத்தது. எக்ஸாஸ்ட் ஸ்பிரிங்குக்கு ஆன துரு இன்லெட்டுக்கும் ஆகியிருக்கும். அதனால் ஸ்பிரிங் இரண்டு, ராக்கர் இரண்டு என்று முடிவானது. மெக்கானிக்கைக் கூப்பிடுவது நடக்கிற காரியமில்லை. அந்த மார்கழியில் அவர் வீட்டு வாசலிலேயே வண்டியில் ஏற்றிய இன்ஜின்கள் வரிசையில் நின்றன.

கும்பகோணத்துக்குப் போனேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அன்றைக்கு என்னைப் போலவே பழைய சாமானைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்த விவசாயிகள் கூட்டம். பெரியப்பா மூன்று சோதனை சொல்லி அனுப்பியிருந்தார். ஸ்பிரிங்கைக் கண்ணாடி மேசையில் நிறுத்து, சாய்ந்து நின்றால் வேண்டாம். புதுசு ஒன்றையும் பழைய இன்லெட் ஸ்பிரிங்கையும் நடுவில் ஒரு வாஷர் வைத்து நேருக்கு நேராக வைஸில் போட்டு இறுக்கு. எது அதிகம் சுருங்குகிறதோ அதுதான் சோப்ளாங்கி. புதுசு அதிகம் சுருங்கினால் காசு கொடுக்காதே. மூன்றாவது ராக்கருக்கு. அதன் மூக்கில் அரத்தை வைத்து இழு. அரம் வழுக்கிக்கொண்டு போனால் அது சூடேற்றிக் கடினமாக்கிய இரும்பு. அரம் கடித்துப் பொடி உதிர்ந்தால் அது ஒரு போகம்கூட நிற்காது. முதலில் எடுத்துப்போட்ட ராக்கர்களில் அரம் கடித்தது. அதைத் தள்ளிவிட்டு விலை கூடின ஜோடியை எடுத்தேன். அதிலும் ஒன்றில் புஷ்ஷின் எண்ணெய்த் துளையும் ராக்கரின் துளையும் நேருக்கு நேர் நிற்கவில்லை. வாயை வைத்து ஊதினால் காற்று போகவில்லை. அதை மாற்றி வாங்கினேன். வெளியிலிருந்து எவ்வளவு எண்ணெய் சொட்டினாலும் உள்ளே போகாத ராக்கரை விவசாயியிடம் விற்பதைப் போல அநியாயம் வேறு இல்லை. அதை வாங்கிப் போனவன் தன் கவனக்குறைவால்தான் தேய்ந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

சாயந்திரம் நாலு மணிக்கு வேலை ஆரம்பித்தது. ஹெட்டைக் கழற்றலாமா என்று ஒரு யோசனை. கழற்றினால் கேஸ்கட் வேண்டும், தண்ணீர்க் குழாய், இன்ஜெக்டர், எல்லாம் அவிழ்க்க வேண்டும். வால்வு கைடும் சீட்டும் மோசமில்லை என்றால் ஹெட்டை அசைக்காமலேயே ஸ்பிரிங் மாற்ற வழி உண்டு. பிஸ்டனை ஆக உச்சத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால், ஸ்பிரிங்கைக் கழற்றியதும் வால்வு கொஞ்சம் இறங்கிப் பிஸ்டன் தலையில் உட்கார்ந்துகொள்ளும், சிலிண்டருக்குள் விழாது. ஆனால் ஃப்ளைவீல் அசையவே கூடாது. அவ்வளவு கனமான சக்கரம் கொஞ்சம் உருண்டாலும் பிஸ்டன் இறங்கிவிடும். பெரியப்பா புளியங்கட்டையைச் செதுக்கி இரண்டு ஃப்ளைவீலுக்கும் முன்னும் பின்னும் ஆப்பு வைத்தார். அதற்கு மேலும் அம்மாவை ஒரு பக்கம் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரச் சொன்னார். வால்வுத் தண்டின் வரிப்பள்ளத்தில் முறுக்கிய நூலைக் கட்டி அதன் நுனியை என் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டேன்.

இன்ஜினைச் சுற்றி அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியை விரித்திருந்தோம். காரணம், காட்டர். ஸ்பிரிங்கின் மேல்தட்டை வால்வுத் தண்டோடு பூட்டி வைப்பது அதுதான். புளியங்கொட்டை அளவு இருக்கும், இரண்டு பாதியாகப் பிளந்த சின்னக் கூம்பு. ஸ்பிரிங்கை அழுத்தும்போது பிடி நழுவினால் தெறித்துப் போகும். மண்ணில் விழுந்தால் தேடி எடுக்க முடியாது. வெள்ளைத் துணியில் விழுந்தால் தெரியும்.

அழுத்துவதற்குக் கடையில் விற்கிற கருவி எங்களிடம் இல்லை. எங்கள் ஊர்ப் பட்டறையில் எப்போதோ அடித்து வைத்த இரும்புப் பட்டை ஒன்று உண்டு. ஒரு முனை கவட்டையாகப் பிளந்திருக்கும். ராக்கர் ஷாஃப்ட் நிற்கிற போல்ட்டில் அதை அண்டக் கொடுத்து, கவட்டையை ஸ்பிரிங் தட்டின் மேல் வைத்து, மறுமுனையை நெஞ்சோடு அழுத்தினால் ஸ்பிரிங் இறங்கும். பெரியப்பா அழுத்தினார். நான் காந்தத்தை நுழைத்தேன். காட்டரின் ஒரு பாதி ஒட்டிக்கொண்டு வந்தது. மறுபாதி தண்டிலேயே ஒட்டி நின்றது. அதை ஸ்க்ரூடிரைவர் நுனியால் நெம்பி எடுத்தேன். பெரியப்பா பட்டையை மெதுவாக விட்டார். உடைந்த ஸ்பிரிங் இரண்டு துண்டாகக் கையில் வந்தது. சின்னதாக ஒரு "டொக்". வால்வு பிஸ்டன் மேல் உட்கார்ந்த சத்தம். என் விரலில் நூல் லேசாக இழுத்தது.

புதுசைப் போடும்போது காட்டர் நிற்காது. இரண்டு பாதியையும் தண்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு தட்டை விடுவதற்குள் ஒரு பாதி சரியும். கெட்டிக் கிரீஸை அதன் உட்புறம் அப்பி ஒட்டினால் சரியாமல் நிற்கும். பாதிகள் இரண்டும் ஒரே மட்டத்தில் உட்கார்ந்தனவா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் பெரியப்பா பட்டையைக் கையைவிட்டு எடுத்தார். பிறகு சுத்தியலின் மரப்பிடியால் தண்டுத் தலையில் ஒரு தட்டு. சரியாக உட்காராத காட்டர் இருந்தால் அப்போதே தெறிக்கட்டும், ஓடும்போது தெறிக்க வேண்டாம் என்பது கணக்கு. இன்லெட் பக்கமும் இதே கதை, இன்னும் வேகமாக முடிந்தது.

அடுத்தது இடைவெளி. வால்வு மூடியிருக்கும்போது ராக்கர் மூக்குக்கும் தண்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டே தீர வேண்டும். சூட்டில் வால்வு நீளும். இடமில்லை என்றால் முழுசாக மூடாது, எரிந்துபோகும். எக்ஸாஸ்ட் வழியாக எரிந்த வாயு போவதால் அதற்கு இன்லெட்டைவிட அதிக இடம். இங்கே பெரியப்பா காட்டிய ஒன்றை நான் எங்கேயும் படித்ததில்லை. பழைய ராக்கரை மறுபடி மாட்டி, ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்கச் சொன்னார். அளவு சரியாக இருப்பதாகத்தான் காட்டியது. ஆனால் தகடு நேராக இருப்பது. மூக்கில் விழுந்த பள்ளத்தின் இரு கரையிலும் அது படுத்துக்கொண்டு, பள்ளத்தை அளக்கவே இல்லை. உண்மையான இடைவெளி அதைவிடப் பெரிது. அதனால்தான் சரியாக வைத்த பிறகும் இன்ஜின் இத்தனை நாளும் டக்டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. ஃபீலர் கேஜ் வாங்காத வீடுகளில் சவர பிளேடை அடுக்கி வைத்து அளப்பார்கள். ஒரு பிளேடின் தடிமன் 0.1 மில்லிமீட்டர். எதை வைத்து அளந்தாலும் மூக்கு சமமாக இல்லை என்றால் அந்த அளவுக்கு அர்த்தம் இல்லை.

புது ராக்கர்களை மாட்டி இடைவெளி வைத்த பிறகு, ராத்திரி எட்டு மணிக்கு ஆப்புகளை எடுத்தோம். கையால் இரண்டு சுற்று சுற்றினேன். உச்சத்தில் ஃப்ளைவீல் திருப்பித் தள்ளியது. பெரியப்பா ராக்கர் துளை ஒவ்வொன்றிலும் எண்ணெய் சொட்டினார், துணியால் வழிந்ததைத் துடைத்தார். டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு ஹேண்டிலைச் சுற்றினேன். வேகம் பிடித்ததும் லீவரைப் போட்டார். முதல் வெடிப்பிலேயே பிடித்துக்கொண்டது. பெல்ட்டை ஏற்றினோம். கொஞ்ச நேரத்தில் நெற்றிக் குழாய் வாய் நிறையத் தண்ணீர் தள்ளியது. அம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திறக்கப் போனாள்.

இதை எழுதக் காரணம் ஒன்று உண்டு. ஆடுதுறையில் 1922-இலிருந்து நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அன்றைக்கு வயலில் நின்றதும் அங்கே உருவான ஆடுதுறை 39 ரகம்தான். விதை, உரம், பூச்சி என்று எங்கள் பக்கத்து விவசாயிக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு. அந்த உதவிக்கு நான் நன்றியுள்ளவன். ஆனால் ஆறும் மின்சாரமும் சேர்ந்து கைவிட்ட வருஷத்தில் கதிரை வெளியே கொண்டுவந்தது, கொட்டகை மூலையில் கிடந்த இன்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள். அதையும் விவசாயம் என்றே எண்ண வேண்டும், சொல்லிக்கொடுக்க வேண்டும். முக்கியமாகப் பெண்களுக்கு. நடவுக்கும் களைக்கும் வயலில் நாள் முழுக்க இருக்கிறவர்கள் அவர்கள்தான். இன்ஜினின் சத்தம் மாறுவதை முதலில் கேட்கிறவர்களும் அவர்களே. ஆயில் கேனை அவர்கள் கையில் கொடுக்கிறோம், ஸ்பானரைக் கொடுப்பதில்லை. அம்மா அந்த ராத்திரிக்குப் பிறகு ஃபீலர் கேஜை வாங்கித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள். இடைவெளி பார்ப்பது அவள் வேலையாயிற்று. பெரியப்பா ஒரு நாள் சரிபார்த்துவிட்டு, "இனிமே என்னைக் கூப்பிடாதீங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

விடிய விடிய ஓடியது. மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் டீசல் குடிக்கும்; கேனில் இருந்தது காலையில் தீர்ந்தது. எங்கள் வயல் நனைந்துவிட்டது. பக்கத்து வயல்காரருக்கு இன்ஜினும் இல்லை, மோட்டாருக்கு மின்சாரமும் இல்லை. அவர் பயிரும் தொண்டைக்கதிரில்தான் நின்றது. டீசல் அவருடையது, இன்ஜின் எங்களுடையது என்று அம்மாவே பேசி முடித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் இரண்டு கேனோடு வந்தார். வாய்க்கால் வரப்பை வெட்டித் தண்ணீரை அவர் பக்கம் திருப்பிவிட்டு, பெரியப்பா மறுபடியும் ராக்கருக்கு எண்ணெய் சொட்டினார். நான் ஹேண்டிலை எடுத்தேன்.